ஒரு மூட்டைக் கரியில் இரண்டரை நாள்

இந்தக் குளிர்காலத்தில் 20 கிலோ கரி மூட்டை ஒன்று இரண்டரை நாள் வருகிறது. போன குளிர்காலத்தில் அதே மூட்டை ஒன்றரை நாள் தாங்கினால் பெரிய விஷயம். அடுப்பு மாறவில்லை, படகு மாறவில்லை, கரியும் அதே கரிதான். செய்த வேலைகளையும், எது உருப்பட்டது எது வீண் செலவு என்பதையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். படகே இல்லாவிட்டாலும் கரி அடுப்பு வைத்திருப்பவர்களுக்குப் பாதியாவது உதவும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தின் நேரோபோட் எனப்படும் கால்வாய்ப் படகில், பெயருக்கேற்ற ஒடுக்கம். 6 அடி 10 அங்குல அகலம், அவ்வளவுதான். பல பழைய கால்வாய்களின் லாக்குகள் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகு அறைகள்) 7 அடி அகலத்தில் கட்டப்பட்டவை என்பதால் அதற்கு மேல் அகலமான படகு அங்கே நுழையாது. எங்கள் படகு 50 அடி நீளம். முன்கதவைத் திறந்து இரண்டு படி இறங்கினால் அடுப்பு. அப்புறம் உட்காரும் இடம், சமையல் மேடை, குளியலறை, கடைசியாகப் படுக்கை. நெருப்பு ஒரு கோடியில், தூக்கம் மறு கோடியில். உடம்பு முழுக்க எஃகுத் தகடு: அடியில் 10 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 6, கூரையில் 4. சுவருக்கும் கூரைக்கும் உள்பக்கம் நுரை அடித்திருக்கிறது. தரைக்கு அடியில் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கம் கால்வாய்த் தண்ணீர்.

லெய்ட்டன் பஸ்ஸார்டுக்கும் மில்டன் கீன்ஸுக்கும் நடுவே கிராண்ட் யூனியன் கால்வாயில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். நிரந்தரமாகக் கட்டும் இடம் எங்களுக்கு இல்லை. அப்படிப்பட்ட படகுகள் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. கரையிலிருந்து மின்சாரம் கிடையாது, அதனால் மின்சார ஹீட்டர் என்ற பேச்சே இல்லை. கரிதான்.

வேலையை அளவெடுப்பதில் தொடங்கினேன். மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர் நான்கு, ஒன்று 5 பவுண்ட். வெளியே 1 டிகிரி இருந்த ஓர் இரவில் கிடைத்த எண்கள் இவை. அடுப்புக்கு மேலே கூரையை ஒட்டி 33. அதே அடுப்பிலிருந்து ஒரு கஜம் தள்ளித் தரையில் 14. சமையல் மேடையில் நெஞ்சு உயரத்தில் 20. படுக்கையில் 11. தலைக்கு மேலே சித்திரை, காலுக்குக் கீழே மார்கழி. கூரைக்கும் தரைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது நெருப்பைப் பெரிதாக்கிப் பயனில்லை என்பது இப்போது பார்த்தால் தெளிவாக இருக்கிறது. ஆனால் முதலில் நெருப்பைத்தான் பெரிதாக்கினேன்.

அதற்கு விறகு. கரையோரத்தில் காற்றுக்கு விழுந்த வில்லோ மரத்தை யாரோ அறுத்துப் போட்டிருந்தார்கள். காசில்லாத விறகு என்று கூரை மேல் அடுக்கிக்கொண்டேன். எரிந்தது, ஆனால் முக்கி முனகி எரிந்தது. சூட்டில் ஒரு பங்கு, கட்டைக்குள் இருந்த தண்ணீரை ஆவியாக்கவே போயிற்று. சிம்னியின் அடியிலிருந்து வெல்லப்பாகு போல ஒரு கறுப்புத் தார் வழிந்து கூரை பெயின்ட்டில் கோடு கோடாக இறங்கியது. அப்புறம் 18 பவுண்டுக்கு ஈரமானி வாங்கி, ஒரு கட்டையைப் பிளந்து நடுவில் குத்திப் பார்த்தேன். 34 சதவீதம். 20-க்குள் இருக்க வேண்டியது. இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறு அளவில் விற்கும் விறகு 20 சதவீத ஈரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மூட்டையில் கட்டி விற்கும் சாதாரண வீட்டு நிலக்கரியும் அப்போதுதான் நின்றது. மிச்ச வில்லோவை அடுத்த ஆண்டுக்கென்று தார்ப்பாயில் மூடிவைத்துவிட்டுப் வழக்கமாக எரிக்கும் புகையில்லாக் கரிக்கே (புகை குறைவாக வரும் நிலக்கரி வகை) திரும்பினேன்.

தார் வந்ததற்கு விறகு மட்டும் காரணம் இல்லை. சிம்னி ஒற்றைத் தகடாக இருந்தது. புகை மேலே போகும் வழியிலேயே குளிர்ந்து உள்ளே படிந்துவிடும். இரட்டைச் சுவர் சிம்னி 120 பவுண்ட். மனசு வரவில்லைதான், ஆனால் வாங்கிய பிறகு தார் வழிவது நின்றது, அடுப்பு மூட்டும்போது இழுப்பும் சீக்கிரம் பிடிக்கிறது. பாலமும் சுரங்கமும் வந்தால் கழற்றிப் படுக்கவைக்க வேண்டும், அதற்குச் சங்கிலியோடு வாங்குவது நல்லது. கால்வாயின் அடியில் எத்தனை சிம்னிகள் கிடக்கின்றனவோ!

இதற்கு நடுவே அடுப்பு மேல் வைக்கும் விசிறி ஒன்றும் வாங்கினேன், 60 பவுண்ட். மின்சாரமே வேண்டாம். அடிப்பக்கம் சூடாகவும் மேல்பக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் அந்த வித்தியாசத்திலேயே கொஞ்சம் மின்சாரம் பிறந்து சுற்றும். பார்க்க அழகு. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். தெர்மாமீட்டர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கூரையடியில் 2 டிகிரி குறைந்தது, படுக்கையில் அதே 11. சமையல் மேடை வரைக்கும் ஊதுகிறது, அதற்கப்பால் அதற்குத் தெம்பில்லை.

சரி, இத்தனை கரி எப்படித்தான் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது? பக்கத்தில் படகு கட்டியிருந்த பெரியவர் ஒரு நாள் வந்து பார்த்தார், முப்பது வருஷமாகக் கால்வாயிலேயே இருப்பவர். நெருப்புக்கு அடியிலிருந்து காற்று விடும் திருகை முழுக்க மூடச் சொன்னார். மூடினேன். நெருப்பு அடங்கவில்லை, கங்கு பளபளவென்று எரிந்துகொண்டே இருந்தது. “எங்கிருந்தோ மூச்சு வாங்குகிறது” என்றார். ஆறிய அடுப்பில் காகிதத்தை வைத்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். கதவின் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். சிக்கிக்கொண்டால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ஓட்டை. கீல் பக்கம் சிக்கியது. அடிவிளிம்பு முழுக்கத் தாராளமாக வந்தது.

நான் கூடவே ஊதுபத்தியையும் பிடித்துப் பார்த்தேன். அடுப்பு மிதமாக எரியும்போது கதவு விளிம்பு, கண்ணாடிச் சட்டம், சாம்பல் கதவு, அடுப்பின் தலையில் புகைக்குழாய் இறங்கும் இடம் என்று மெதுவாக நகர்த்தினால் போதும். புகை நேராக எழுகிற இடம் சரியான இடம். சட்டென்று வளைந்து உள்ளே போகிற இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தது: கதவின் அடிவிளிம்பு, சாம்பல் கதவின் ஒரு மூலை, புகைக்குழாயின் கழுத்தில் பின்பக்கம்.

கதவுக்கு ஃபயர் ரோப். கண்ணாடி இழையில் பின்னிய கயிறு, அதற்கென்று ஒரு பசை, இரண்டும் சேர்த்து 14 பவுண்ட். பழைய கயிறு தட்டையாகிப் பாறைபோல இறுகியிருந்தது. பழைய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். இதில்தான் நேரம் போகும், இதை அவசரப்பட்டுச் செய்தால் பசை பிடிக்காது. மிகப் பழைய அடுப்பாக இருந்தால் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அப்போது சுரண்டக் கூடாது. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடை செய்தது 1999-இல்தான். என் அடுப்பு அதற்குப் பிறகு வந்தது என்பதால் கவலையில்லை.

கயிற்றின் தடிமனில் ஒரு சுற்று வீணானது. தடிமன் கூடினால் நன்றாக அடைக்கும் என்று 12 மில்லிமீட்டர் வாங்கினேன். கதவு தாழ்ப்பாள் வரைக்கும் வரவே இல்லை. பள்ளத்தை அளந்து 10 வாங்கியதும் சரியாக உட்கார்ந்தது. வைக்கும்போது கயிற்றை இழுக்கக் கூடாது. இழுத்தால் மெலிந்துவிடும், சூடுபட்டதும் சுருங்கி முனையில் இடைவெளி விடும். விரலால் கொஞ்சம் நெருக்கித் தள்ளிக்கொண்டே வைக்க வேண்டும். வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றிவிட்டு வெட்டினால் பிரி பிரியாக அவிழாது. வைத்து முடித்ததும் கயிற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெழுகுத் தாள் வைத்துக் கதவைச் சாத்தி ஓர் இரவு விட்டேன். தாள் இல்லாவிட்டால் வழிந்த பசை கதவையே ஒட்டிவிடும்.

புகைக்குழாயின் கழுத்து அடுத்த வேலை. பழைய சிமென்ட் வெடித்து உதிர்ந்திருந்தது. சூடு தாங்கும் ஃபயர் சிமென்ட் ஒரு டப்பா 6 பவுண்ட், அதை எடுத்து அப்பினேன். மறுநாள் லாக் ஒன்றைக் கடக்க இன்ஜினை ஓட்டியதும் மறுபடி மயிரிழை விரிசல். படகு என்றால் அதிர்வு, சிமென்ட் மட்டும் அதைத் தாங்காது. அதையும் சுரண்டிவிட்டு, குழாயைச் சுற்றியிருந்த இடுக்கில் முதலில் மெல்லிய ஃபயர் ரோப்பைத் திணித்து இறுக்கினேன், பிறகு பரப்பைத் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, மேலே சிமென்ட் பூசினேன். ஒரு நாள் காயவிட்டு, முதலில் சுள்ளி வைத்துச் சின்ன நெருப்பு, அப்புறம் கொஞ்சம் பெரியது. எடுத்த எடுப்பில் கரியைக் கொட்டினால் உள்ளிருக்கும் ஈரம் கொதித்துக் கொப்புளம் விடும். இந்தப் பூச்சு இன்றுவரை நிற்கிறது.

இப்போது திருகை மூடினால் நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. கால் சுற்றுத் திறந்தால் எழும், மூடினால் அடங்கும். இதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது எரியும் அடுப்பு அல்லது அணைந்த அடுப்பு, இரண்டே நிலை. செலவு பார்த்தால் 20 பவுண்ட்.

அடுத்தது எரிக்கிற முறை. விறகுக்கு மேலிருந்து காற்று வேண்டும், சாம்பல் மெத்தை மேலேயே நன்றாக எரியும். கரிக்குக் கீழிருந்து காற்று வேண்டும், சாம்பல் அடைத்தால் மூச்சு முட்டும். இரவு பத்து மணிக்கு நான் செய்வது இதுதான்: கிரேட் கம்பியை (கரி கிடக்கும் கம்பித் தட்டு) ஆட்டி, கீழே சிவப்புக் கங்கு விழத் தொடங்கியதும் நிறுத்துவேன். சாம்பல் தட்டைக் காலி செய்வேன். தட்டு நிரம்பிக் கிரேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அடியில் காற்றோட்டம் நின்று கம்பி வளைந்துவிடும். பிறகு அடுப்பின் உட்சுவரில் இருக்கும் செங்கல்லின் மேல்விளிம்பு வரை கரி. திருகைத் திறந்து இருபது நிமிடம். நீல ஜ்வாலை மேலே ஓடத் தொடங்கியதும் நூலளவு மட்டும் விட்டுத் திருகை மூடுவேன். புகைக்குழாயில் காந்தத்தால் ஒட்டும் தெர்மாமீட்டர் ஒன்று, 15 பவுண்ட். தீ பிடிக்கும்போது 200 டிகிரிக்குப் போகும், இரவில் 110 பக்கம் நிற்கும். காலையில் பார்த்தால் நீறு பூத்த நெருப்பு. கம்பியை ஆட்டித் திருகைத் திறந்து கொஞ்சம் கரி போட்டால் தேநீர் கொதிப்பதற்குள் எழுந்துவிடும். சுள்ளி வைத்து மூட்டும் வேலையே போன மாதம் முழுக்க வரவில்லை.

மெதுவாக எரிப்பதில் ஓர் ஆபத்து உண்டு, அதை அனுபவத்தில் பார்த்துவிட்டோம். ஒரு விடியற்காலை கார்பன் மோனாக்ஸைடு (மணமே இல்லாத நச்சு வாயு) அலாரம் அலறியது. காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் அலற வேண்டும் என்பது அந்தக் கருவிகளுக்கான தரம், அதாவது அது அலறும்போது ஏற்கெனவே கொஞ்ச நேரமாக வாயு கசிந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு பக்கக் கதவையும் திறந்து போட்டு, குளிரில் கரையில் நின்றோம். அடுப்பு ஆறியதும் உள்ளே கையை விட்டுத் தடவினால், மேலே புகையைத் திருப்பிவிடும் தகட்டின் முதுகில் மூன்று விரல் உயரத்துக்குப் பஞ்சு போன்ற சாம்பலும் கரிப்பொருக்கும். புகை போக விரலளவு வழிதான் மிச்சம். வேகமாக எரிந்த காலத்தில் அதெல்லாம் காற்றோடு மேலே போயிருக்கும். அடக்கி எரித்தால் அங்கேயே தங்கிவிடும். இப்போது ஞாயிறுதோறும் தகட்டைக் கழற்றித் துடைக்கிறேன், மாதம் ஒருமுறை கூரையிலிருந்து 5 அங்குல பிரஷ் விட்டுக் குழாயைத் தேய்க்கிறேன்.

தங்கும் வசதியுள்ள படகுகளில் இந்த அலாரம் 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புச் சோதனையில் கட்டாயம். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அடுப்புப் பக்கம். 25 பவுண்டுக்கு இன்னொன்று வாங்கித் தலையணை உயரத்தில் மாட்டினோம். குளிருக்குப் பயந்து கூரைக் காற்றுத் துளைகளிலும் கதவின் அடித் துளைகளிலும் துணி அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அடைக்க வேண்டியது அடுப்பின் ஓட்டைகளை, படகின் மூச்சை இல்லை.

இதெல்லாம் முடிந்தும் படுக்கை 13 டிகிரிதான். கரி மிச்சமானது, கால் சில்லிட்டது. கூரையடியில் தேங்கும் சூட்டைப் பின்னால் தள்ளலாம் என்று குளியலறைச் சுவரின் உச்சியில் 12 வோல்ட் விசிறி ஒன்றை வைத்தேன். ஒரு டிகிரி ஏறியது. தலைமாட்டில் சத்தம் வேறு. என் மனைவி இரண்டாம் இரவே ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

அவள்தான் திருப்பிக் கேட்டதும். சூடான காற்றைத் தள்ளுவதற்குப் பதிலாகக் குளிர்ந்த காற்றைத் தள்ளினால் என்ன? குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு கிடக்கிறது. அதைத் தரைமட்டத்தில் அடுப்பை நோக்கி அனுப்பினால், காலியான இடத்தை நிரப்பக் கூரையடிக் காற்று தானாகப் பின்னால் வந்தாக வேண்டும். கேட்கும்போது விளையாட்டாக இருந்தது. விசிறியைக் கழற்றி, படுக்கையறைக் கதவடியில் ஒரு புத்தகத்தில் சாய்த்து, முகத்தை முன்பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினேன். தரையருகே புகை கோடு போட்டதுபோல அடுப்புப் பக்கம் ஓடியது. அதே பத்தியைக் கதவின் தலைப்பக்கம் தூக்கிப் பிடித்தால் புகை எதிர்த்திசையில், படுக்கைக்குள் வந்தது. கையை மேலும் கீழும் ஆட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் படுக்கை 15.

அப்புறம் அதை ஒழுங்காகப் பொருத்தினேன். பழைய கணினி விசிறி அளவு, 120 மில்லிமீட்டர், 9 பவுண்ட், 2 வாட் இழுக்கும். இரவு முழுக்க ஓடினாலும் பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பெரியவரிடம் 114 மில்லிமீட்டர் வட்ட ரம்பம் இரவல் வாங்கிக் கதவின் அடியில் துளை போட்டேன். தலைப்பக்கம் 40 மில்லிமீட்டர் அறுத்து எடுத்துவிட்டேன், காற்று திரும்பி வர வழி வேண்டுமே. விசிறியை நேரடியாகத் திருகினால் கதவே தம்புராவாக ரீங்கரிக்கும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி நடுவில் வைத்ததும் அடங்கியது. ஒயரில் 1 ஆம்ப் ஃபியூஸ். எதிர்த்திசையில், அதாவது அடுப்புப் பக்கமிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி எதையும் அடுப்பு எரியும்போது போடக் கூடாது. சமையல் புகைபோக்கி விசிறி போட்டால் அடுப்புப் புகை திரும்பி உள்ளே வரும்.

வெளியே 0 டிகிரி இருந்த இரவின் கணக்கு: கூரையடி 27, அடுப்பருகே தரை 18, சமையல் மேடை 20, படுக்கை 17. சன்னல்களுக்கு ஹேர் டிரையர் வைத்து இழுக்கும் பிளாஸ்டிக் படலம் ஒட்டினோம், காலையில் கண்ணாடியில் வழியும் தண்ணீர் குறைந்தது. சூட்டில் பெரிய மாற்றம் தெரியவில்லை. தரையில் தடித்த கம்பளம் போட்டது அதைவிடப் பயன்.

பணக்கணக்கில் ஈரமானி, அடுப்பு விசிறி இரண்டும் சேர்ந்து 78 பவுண்ட், இவை இல்லாமலேயே காரியம் நடந்திருக்கும். உண்மையில் வேலை செய்தவை கயிறு, சிமென்ட், குழாய்த் தெர்மாமீட்டர், 9 பவுண்ட் விசிறி. மொத்தம் 44. கால்வாயில் கரி விற்றுக்கொண்டு வரும் படகில் எங்களுக்கு மூட்டை 15 பவுண்டுக்குக் கிடைக்கிறது. கடுங்குளிர் மாதத்தில் 20 மூட்டை எரித்த இடத்தில் இப்போது 12, மாதம் 120 பவுண்ட் மிச்சம்.

மறுபடி தொடங்கினால் முதல் நாளே ஊதுபத்தியைத்தான் கையில் எடுப்பேன், கடைக்குப் போவது அப்புறம். கயிற்றை இனி ஒவ்வொரு செப்டம்பரிலும், அடுப்பு மூட்டும் முன்னால் மாற்றுவதாக உத்தேசம், இந்த ஆண்டே அடிவிளிம்பில் காகிதம் கொஞ்சம் தளரத் தொடங்கியிருக்கிறது. அடுப்பின் பின்னால் தண்ணீர்ப் பெட்டி வைத்து, பம்ப் இல்லாமல் 28 மில்லிமீட்டர் செம்புக் குழாயில் பின்னறை ரேடியேட்டருக்குச் சுடுநீர் ஓடவிடும் முறையைப் பெரியவர் பரிந்துரைக்கிறார். குழாய் வழிநெடுக ஏற்றமாகவே போக வேண்டும், நடுவில் சமையல் மேடை மறிக்கிறது. மேடையைக் கழற்றுவது பற்றி வீட்டில் இன்னும் பேசவில்லை.